நார்வேயிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல்: எந்தப் பெயரை வெட்டுவது?

2025 மார்ச் 9

கருங்கல்லில் கையால் எழுத்து வெட்டிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வயலோரம் கிடக்கும் உருண்டைக் கல்லைப் பிளந்து அதன் முகத்தில் வெட்டுவதா, கடையில் மெருகேற்றி விற்கும் கறுப்புப் பலகையில் வெட்டுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

நான் இருப்பது அமெரிக்காவில், தெற்கு மினசோட்டாவில். அப்பா ஊரில் பெயர்க்கல் வெட்டுகிறவர். அடிக்கல், கடைத்திறப்பு, கல்லறை எல்லாம் வெட்டுவார். நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன், ஆனால் உளி பிடித்த கை சும்மா இருக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் சின்னச் சின்னப் பலகைகளில் எழுத்து வெட்டுவேன். அதைப் பார்த்த பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒரு வேலை சொல்லியிருக்கிறார். அவருக்கு 84 வயது. அவருடைய கொள்ளுத் தாத்தாவும் கொள்ளுப் பாட்டியும் 1860-களில் நார்வேயிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கல்லறையில் இருப்பது வெள்ளைச் சலவைக்கல். மழையும் பனியும் தின்று எழுத்து மழுங்கிவிட்டது, விரலால் தடவினாலும் பெயர் பிடிபடவில்லை. அதனால் தேவாலய வேலி ஓரத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நினைவுக்கல் வேண்டும் என்கிறார்.

இந்த ஆண்டே வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. 1825 ஜூலை 4 அன்று ஸ்டாவங்கர் துறையிலிருந்து ரெஸ்டவுராஷோன் என்ற சிறு பாய்மரக் கப்பல் 52 பேரோடு கிளம்பியது. அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் இறங்கியபோது 53 பேர், வழியில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. நார்வேக்காரர்கள் கூட்டமாக அமெரிக்காவுக்கு வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு இப்போது 200 ஆண்டு.

2025 மார்ச் 12

கறுப்புப் பலகைதான் வெட்ட எளிது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வாஸ்தவம்தான். இங்கே கல்லறைக் கல் கடைகளில் கிடைக்கும் கறுப்புக் கல்லில் நிறைய நம் நாட்டிலிருந்து வருவது, அதன் மேல் எனக்குப் பாசமும் உண்டு. நார்வேக் கல்லே வாங்கலாமே என்று ஒருவர் கேட்டார். லார்விக் பக்கத்தில் கிடைக்கும் லார்விகைட் அழகான கல். அதிலுள்ள ஃபெல்ஸ்பார் படிகம் வெளிச்சம் பட்டால் நீலமாக மினுங்கும். 2008-ல் அதை நார்வேயின் தேசியக் கல்லாகவும் அறிவித்தார்கள். நம் ஊர் கிரானைட் கடைகளில் 'புளூ பேர்ல்' என்று கேட்டால் காட்டுவார்கள்.

ஆனால் பெரியவர் என்னைத் தன் வயல் மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு கல் குவியல். பனியுகத்தில் பனிப்பாறை இழுத்து வந்து போட்ட கற்கள் இந்த மண்ணுக்குள் நிறைய. குளிர்காலத்தில் மண் உறைந்து விரியும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். ஒவ்வொரு வசந்தத்திலும் உழுவதற்கு முன் பொறுக்கியாக வேண்டும். அந்தக் குவியலின் அடியில் இருப்பதெல்லாம் கொள்ளுத் தாத்தா கையால் பொறுக்கிப் போட்டவை என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன சொல்ல வேண்டும்? லார்விக்கும் வேண்டாம், பலகையும் வேண்டாம். குவியலிலிருந்துதான் கல்.

2025 மார்ச் 13

எடை கேட்டவருக்கு: நீளம் 100 செ.மீ., அகலம் 70, தடிமன் 45. கன மீட்டருக்கு 2.7 டன் வைத்தால் 850 கிலோ.

2025 மார்ச் 16

மேலே சொன்ன எடை தவறு. பெட்டி மாதிரி கணக்குப் போட்டுவிட்டேன், கல்லோ உருண்டை. பளுதூக்கியில் கட்டித் தூக்கியபோது 560 கிலோ காட்டியது. பாதியாகப் பிளந்தால் 280 வரும்.

2025 மார்ச் 23

குடும்பத்தார் எழுதிக் கொடுத்த வாசகம் வந்தது. ஒன்பது வரி. 'வைக்கிங் வீரர்களின் வழித்தோன்றல்கள்' என்று தொடங்கி, 'இந்த நிலத்தில் முதன்முதலாகக் குடியேறியவர்கள்' என்று போகிறது. மேலே ஓர் ஓரத்தில் சுதந்திர தேவி சிலை, இன்னொரு ஓரத்தில் ரெஸ்டவுராஷோன் கப்பல், சுற்றிலும் வைக்கிங் காலத்து ரூன் எழுத்தில் ஒரு வேலைப்பாடு.

அவர்கள் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கல்லில் போனால் போனதுதான். அதனால் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். நார்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் பழைய தேவாலயப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கு, குடிபெயர்ந்தோர் பட்டியல் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இரவு முழுக்க அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய சாய்வெழுத்தைப் படிக்கப் பழகுவதற்குள் கண் பூத்துவிட்டது.

2025 மார்ச் 30

கிடைத்துவிட்டது. ஹாடெலாண்ட் வட்டாரம், ஆஸ்லோவுக்கு வடக்கே. தேவாலயப் பதிவேட்டில் ஊரை விட்டுப் போகிறவர்கள் பட்டியலில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஆண்டு 1861. குடும்பத்தில் சொல்லி வந்தது 1864.

பெயர்களை இங்கே எழுத அவர்களுக்கு விருப்பமில்லை, அதனால் பண்ணைப் பெயரை 'லீ' என்று மாற்றி வைத்துச் சொல்கிறேன். அந்தக் காலத்து நார்வேப் பெயர் நமக்குச் சட்டென்று புரியும். முதலில் சொந்தப் பெயர், அப்புறம் அப்பா பெயர், அப்புறம் ஊர் மாதிரி பண்ணைப் பெயர். ஹான்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சென். மகள் என்றால் ஹான்ஸ்டாட்டர். கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்கு அப்பா பெயர்தான் தொடரும். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்ததே 1923-ல்தான். இங்கே வந்ததும் அதிகாரிகள் குடும்பப் பெயர் கேட்டார்கள். சிலர் அப்பா பெயரைக் கொடுத்தார்கள், சிலர் பண்ணைப் பெயரைக் கொடுத்தார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பெயரில் ஆனது இப்படித்தான். நம் ஆட்கள் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி இங்கே படும் பாடு அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

'லீ' என்பதை நார்வே எழுத்துக்கூட்டலில் எழுதினால் ஆங்கிலத்தில் 'பொய்' என்று படிக்கிற மாதிரி வரும். அதனாலேயே எழுத்தை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். மினசோட்டாவில் இத்தனை லீ-க்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு சிக்கல். பதிவேட்டில் பண்ணைப் பெயருக்குப் பின்னால் கூடுதலாக மூன்று எழுத்து இருக்கிறது, 'ஐயெ' என்று ஒட்டி எழுதியிருக்கிறார்கள். எழுதிய பாதிரியார் கைத்தவறு என்று நினைக்கிறேன். விட்டுவிடலாம்.

2025 ஏப்ரல் 2

ரூன் எழுத்து வேண்டும் என்று இங்கேயே இரண்டு பேர் சொல்கிறீர்கள், அழகாக இருக்கும் என்று. அழகுதான். ஆனால் 1861-ல் ஹாடெலாண்டிலிருந்து வந்த விவசாயி ரூன் எழுதவில்லை. அவர் கொண்டு வந்த வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் டேனிஷ் மொழியில், கோதிக் அச்சில். அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் அவர் நினைவுக்கல்லை ஏன் வெட்ட வேண்டும்?

இந்த மாநிலத்தில் ரூன் கல் என்றாலே கென்சிங்டன் கல் நினைவுக்கு வந்துவிடும். 1898-ல் கென்சிங்டன் அருகே ஒலோஃப் ஓமன் என்ற சுவீடன்காரர் நிலம் திருத்தும்போது ஒரு மரத்தின் வேரடியில் கண்டெடுத்ததாகச் சொன்னது. 90 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1362-ல் 8 கோத்தியரும் (தெற்கு சுவீடன்காரர்கள்) 22 நார்வேக்காரர்களும் இங்கே வந்ததாக அதில் வெட்டியிருக்கிறது. மொழி, எழுத்து வடிவம் இரண்டையும் பார்த்த அறிஞர்கள் பெரும்பாலும் அது 19-ஆம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். அலெக்சாண்ட்ரியா ஊரில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். உளி வேலை தேர்ந்த வேலைதான். ஆனால் வந்தவர்கள் உண்மையிலேயே வந்த வழி, பட்ட பாடு எல்லாம் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும்போது, அந்த மாதிரிக் கதையை இன்னொரு கல்லில் ஏற்ற என் கை வராது.

2025 ஏப்ரல் 3

சிலையும் போகிறது, கப்பலும் போகிறது. சுதந்திர தேவி சிலை திறந்தது 1886. குடியேறிகளைப் பரிசோதித்த எல்லிஸ் தீவு திறந்தது 1892. இவர்கள் வந்தது 1861. அதுவும் நியூயார்க் வழியாக இல்லை. பிற நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்திய தன் கப்பல் சட்டங்களை பிரிட்டன் 1849-ல் விலக்கிய பிறகு நார்வேக் கப்பல்கள் கனடாவின் கியூபெக் துறைக்குப் போகத் தொடங்கின. போகும்போது ஆட்கள், திரும்பும்போது மரம். 1850-களிலும் 60-களிலும் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படி மரக்கப்பலின் அடித்தட்டில் வந்து, ஏரிகள் வழியாக உள்ளே போனவர்கள்.

ரெஸ்டவுராஷோன் கப்பலை எடுப்பதில் எனக்கே வருத்தம்தான். 16 மீட்டர் சொச்சம் நீளம், 39 டன். ஐந்து டன்னுக்கு இரண்டு பயணி என்பது அமெரிக்கச் சட்டம், அப்படிப் பார்த்தால் 16 பேருக்கு மேல் ஏற்றியிருக்கக் கூடாது. கப்பலைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். ஜான் குயின்சி ஆடம்ஸ் அதிபராக இருந்தவர், 1825 நவம்பர் 15 அன்று மன்னித்து விடுவித்தார். அதில் வந்தவர்களில் பலர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், இன்னும் சிலர் ஹௌகே என்ற கிறிஸ்தவ ஊழியரைப் பின்பற்றியவர்கள். தங்கள் வழிபாட்டைத் தாங்கள் செய்துகொள்ள இடம் தேடி வந்தவர்கள். பெரிய கதை. ஆனால் இந்த இரண்டு பேருடைய கதை இல்லை. அந்தக் கப்பலுக்கு வேறு கற்கள் இருக்கின்றன.

2025 ஏப்ரல் 6

பெரியவரின் தங்கைக்கு 79 வயது. சிலையை எடுத்ததில் கோபம். "எங்கள் அம்மா அப்படித்தான் சொன்னார்கள்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதிவேட்டுப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2025 ஏப்ரல் 20

கல்லைப் பிளந்தாயிற்று. வரிசையாக 9 துளை போட்டு, துளைக்கு இரண்டு தகடு, நடுவில் ஒரு ஆப்பு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு தட்டு, மறுபடி ஒன்றிலிருந்து. அவசரப்பட்டு ஒரே ஆப்பை அடித்தால் கல் இஷ்டத்துக்கு வெடிக்கும். நாலாம் சுற்றில் சத்தம் மாறியது. கணீர் என்று இருந்தது மொத்தென்று ஆனது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மயிரிழைக் கோடு ஓடியிருந்தது. இதுவும் அப்பாவிடம் கற்றதுதான். உள்ளே இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்து வரிவரியாக, வெளியே பார்த்ததற்குச் சம்பந்தமே இல்லாத அழகு.

தூசியைப் பற்றிக் கேட்டவருக்கு: தண்ணீர் தெளித்துக்கொண்டேதான் வேலை, முகத்தில் நுண்துகள் வடிகட்டும் முகமூடி. கருங்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்பப் போகாது. அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன் நான். இதில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள்.

2025 ஏப்ரல் 27

மார்ச் 30-ல் எழுதியதில் பெரிய தவறு. அந்த மூன்று எழுத்து கைத்தவறு இல்லை.

நார்வேயில் பழைய பதிவேடு படிக்கிற ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். பண்ணைப் பெயருக்குப் பின்னால் 'ஐயெ' என்று ஒட்டியிருந்தால், அந்தப் பண்ணைக்குச் சொந்தமான குடிசை மனை என்று பொருளாம். அதாவது இவர்கள் லீ பண்ணைக்காரர்கள் இல்லை. லீ பண்ணையில் ஒண்டியிருந்த குடிகள். நார்வேயில் அவர்களுக்கு 'ஹுஸ்மன்' என்று பெயர். பண்ணைக்காரர் கொடுத்த துண்டு நிலத்தில் குடிசை போட்டு, அதற்கு ஈடாகப் பண்ணையில் வேலை செய்ய வேண்டும். நம் பக்கத்தில் பண்ணையாள் என்று சொல்வோமே, அதற்குப் பக்கத்தில் வரும்.

இப்போது மற்றதெல்லாம் சேர்ந்து விளங்குகிறது. நார்வேயில் உழக்கூடிய நிலம் நூற்றுக்கு மூன்றோ நான்கோ பங்குதான். 1801-ல் சுமார் 8.8 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1865-ல் 17 லட்சம். சமாதானம், அம்மைத் தடுப்பு, உருளைக்கிழங்கு மூன்றும் சேர்ந்து பிள்ளைகளைப் பிழைக்க வைத்தன, நிலம் மட்டும் பெருகவில்லை. பண்ணை மூத்த பிள்ளைக்குப் போகும், இளையவர்கள் ஹுஸ்மன் ஆவார்கள். 1825 தொடங்கி நூறு ஆண்டில் 8 லட்சத்துக்கு மேல் நார்வேயை விட்டுப் போனார்கள். அயர்லாந்தை விட்டால் ஐரோப்பாவில் வேறெந்த நாடும் தன் மக்களில் இத்தனை பங்கை அனுப்பவில்லை.

வீட்டில் பரம்பரையாகச் சொல்லி வந்தது, "அங்கே பெரிய பண்ணை வைத்திருந்தோம், இங்கே இன்னும் பெரிதாக வேண்டும் என்று வந்தோம்." இதை எப்படிப் போய்ச் சொல்வது?

2025 மே 4

சொல்லிவிட்டேன். சமையலறை மேசையில் பதிவேட்டுப் படத்தை வைத்து, மூன்று எழுத்தையும் பென்சிலால் காட்டினேன். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. தங்கைதான் முதலில் பேசினார். "அப்படியென்றால் இந்த 160 ஏக்கர்தான் அவர்களுக்கு முதல் சொந்த மண்" என்றார். பெரியவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் குவியல் இருக்கும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிவு எதுவும் எடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

2025 மே 11

"மூன்று எழுத்தை விட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது, பெரியவர் மனம் நோகாமல் இருக்கட்டும்" என்று இங்கே நிறையப் பேர் சொல்கிறீர்கள். இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குவியலை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. தன் நிலம் என்று ஒன்று முதன்முறையாகக் கிடைத்ததால்தான் ஒருவன் அத்தனை கல்லையும் முதுகொடியப் பொறுக்கியிருக்கிறான். அந்த மூன்று எழுத்தை எடுத்துவிட்டால் அந்த உழைப்பு எதற்கு என்பதே கல்லில் இருக்காது.

என்றாலும் முடிவு அவர்களுடையது. வெட்டுகிறவனுடையது அல்ல.

2025 மே 17

இன்று நார்வே அரசியல் சட்ட நாள், 1814-ல் கையெழுத்தான நாள். ஊரில் கொடியும் ஊர்வலமும். பெரியவர் ஒரு காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். மூன்று எழுத்தையும் சேர்த்துப் பண்ணைப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். வேறெதுவும் இல்லை.

2025 மே 25

'முதன்முதலாகக் குடியேறியவர்கள்' என்ற வரி பற்றி. அதையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், இதற்குச் சண்டை வரவில்லை.

இந்த நிலம் பூர்வகுடிகளான டக்கோட்டா மக்களுடையது. 1851-ல் இரண்டு ஒப்பந்தங்கள் மூலம் தெற்கு மினசோட்டாவின் பெரும்பகுதி அவர்கள் கையிலிருந்து போனது. சொன்ன பணமும் உணவும் ஒழுங்காக வந்து சேரவில்லை, 1862 ஆகஸ்டில் போர் மூண்டது. குடியேறிகள் பலர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்கள், அதில் நார்வேக்காரர்களும் உண்டு. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டக்கோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு மீதிப் பேரையும் மாநிலத்தை விட்டு விரட்டினார்கள். 1861-ல் வந்த இந்தக் குடும்பம் இதற்கெல்லாம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நிலமில்லாமல் தவித்தவர்களுக்கு நிலம் கிடைத்தது இன்னொருவர் இழந்ததால். ஒரு சின்னக் கல்லில் இதையெல்லாம் எழுத முடியாது. ஆனால் 'முதல்' என்ற பொய்யையாவது எழுதாமல் இருக்கலாம்.

'முதல்' என்ற சொல்லே கல்லுக்கு ஆகாத சொல் என்று இப்போது தோன்றுகிறது. 1825-க்காரர்களுக்கு வழி பார்த்துக் கொடுத்தவர் கிளெங் பேர்சன், 1821-லேயே வந்தவர். கடைசியில் டெக்சஸ் போய் 1865-ல் இறந்தார். அங்கே நோர்ஸ் என்ற ஊரில் அவர் கல்லறைக் கல், அமெரிக்காவுக்கு வந்த முதல் நார்வேக் குடியேறி என்கிறது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்களோடு நியூயார்க் பக்கம் வந்து குடியேறிய நார்வேக்காரர்கள் இருக்கிறார்கள். பிறந்த ஆண்டும் கல்லில் 1782, இன்றைய நூல்கள் பலவற்றில் 1783. நன்றியோடு வைத்த கல்தான் அது, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

2025 ஜூன் 8

எழுத்துக்கூட்டலில் இன்னொரு திருத்தம். மனைவியின் அப்பா பெயரில் வரும் நெட்டோசைக்கு நான் ஆங்கில 'ஏ' எழுத்தின் தலையில் வட்டம் போட்டு வரைந்திருந்தேன். இன்றைய நார்வேயில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அந்த எழுத்து அங்கே அதிகாரபூர்வமாக வந்ததே 1917-ல். 1861-ல் இரண்டு 'ஏ' சேர்த்து எழுதுவதுதான் வழக்கம். வட்டத்தை அழித்துவிட்டேன். கணவர் பெயரில் 'ஓ' எழுத்துக்குக் குறுக்கே சாய்கோடு உள்ள எழுத்து அப்போதே இருந்தது, அது நிற்கும்.

கடைக்காரர்கள் பலர் இந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டு வெறும் 'ஓ' போட்டுவிடுகிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரக் கல்லறைகளில் நடந்து பார்த்தால் பழைய கற்களில் கோடு இருக்கும், அதே குடும்பத்தின் புதிய கற்களில் இருக்காது.

2025 ஜூன் 22

வாசகம் முடிவாயிற்று. ஒன்பது வரி நாலு வரியாயிற்று. அவர் பெயரும் அப்பா பெயரும். அவள் பெயரும் அப்பா பெயரும். மூன்று எழுத்தோடு பண்ணைப் பெயர், பக்கத்தில் ஹாடெலாண்ட். கீழே 1861. இடைவெளி விட்டு, எண்களையும் சேர்த்து 63 எழுத்து.

மணல் பீய்ச்சி வெட்டினால் ஒரு நாளில் முடியுமே என்கிறீர்கள். ரப்பர் ஒட்டி, எழுத்து வடிவத்தில் வெட்டி எடுத்து, மணலைப் பீய்ச்சுவதுதான் இங்கே கடை வழக்கம். சுத்தமாகவும் வரும். ஆனால் உளியால் இரண்டு பக்கமும் சரித்து நடுவில் கூராக முடியும்படி வெட்டினால், காலை வெயிலில் ஒரு சரிவு இருட்டாகவும் ஒரு சரிவு வெளிச்சமாகவும் நின்று எழுத்து தானே எழும். சாயம் பூச வேண்டியதில்லை. பூசிய சாயம் பத்துப் பனிக்காலம் தாங்காது, நிழல் என்றைக்கும் இருக்கும்.

2025 ஜூலை 4

ரெஸ்டவுராஷோன் மாதிரியில் கட்டிய கப்பல் இன்று ஸ்டாவங்கரிலிருந்து கிளம்பிவிட்டது, அதே நாளில், 200 ஆண்டு கழித்து. பெரியவர் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தோம். நான் முதல் எழுத்தை இன்று வெட்டினேன்.

2025 ஜூலை 19

ஒரு நாளுக்கு ஆறு எழுத்துதான் போகிறது. கார்பைடு முனை உளியே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாணை கேட்கிறது.

2025 ஜூலை 27

இன்று கெட்ட நாள். சாய்கோடு போட்ட 'ஓ'. வட்டத்தை முதலில் வெட்டிவிட்டுக் கோட்டை உள்ளேயிருந்து வெளியே இழுத்தேன். நடுவில் மிஞ்சியிருந்த சின்னத் தீவு மாதிரிக் கல் ஒரே சிதறலாகத் தெறித்துவிட்டது. இந்தக் கல்லின் படிகம் பெரிது, பயறு அளவுக்கு இருக்கிறது. ஒன்று பெயர்ந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒட்டுப் பசையும் கல்தூளும் வைத்து அடைக்கலாம் என்று எழுதாதீர்கள். பனியில் முதல் ஆண்டே விழும்.

இரவு அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "வெளிப்பக்கம் தள்ளி வெட்டினியா? விளிம்புல வச்சு உள்ள பார்த்து வெட்டணும்டா. கோட்டை முதல்ல மேலோட்டமா எடு, அப்புறம் வட்டம், கடைசியா ரெண்டையும் ஒண்ணா ஆழமாக்கு. நடுவுல இருக்கிறதைத் தொடவே தொடாதே." 40 வருஷமாகத் தமிழ் எழுத்து வெட்டியவர், இந்த எழுத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை. 'ழ' வெட்டும்போது சுழிக்குள்ளே இதே தொல்லைதான் என்றார்.

2025 ஆகஸ்ட் 10

முதல் வரி முழுவதையும் 6 மி.மீ. தேய்த்து இறக்கிவிட்டுப் புதிதாக வெட்டினேன். 11 எழுத்து வீண், இரண்டு வாரம் போயிற்று. இப்போது அந்த வரி மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிறது. அதன் விளிம்பைச் சரித்து, வேண்டுமென்றே கொடுத்த இறக்கம் போல ஆக்கிவிட்டேன். அப்பா சொன்ன மாதிரி வெட்டினேன், எழுத்து நின்றது.

2025 ஆகஸ்ட் 31

நிறுத்துவது பற்றி. இங்கே மண் குளிர்காலத்தில் ஆழமாக உறையும். மாநிலத்தின் தெற்குப் பகுதியில் கட்டட அடித்தளம் 42 அங்குலம் போக வேண்டும், வடக்கே 60. அதைவிடக் குறைந்த ஆழத்தில் நிறுத்தினால், வயலில் கல் மேலே ஏறுகிற மாதிரியே இதுவும் ஏறிச் சாயும். குழி தோண்டி, அடியில் ஜல்லி, மேலே கான்கிரீட். கல் நேரே மண்ணில் உட்காராது.

நார்வேயில் இப்படி முரட்டுக் கல்லை நட்டு நிறுத்துவதற்கு 'பௌட்டா' என்று பெயர், பழங்காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். ஹௌகசுண்ட் நகரில் 1872-ல் எழுப்பிய நினைவுச் சின்னம் பார்த்திருப்பீர்கள், 17 மீட்டர் தூண், சுற்றி 29 சின்னக் கற்கள். நம் நடுகல்லும் இதுவும் ஒரே மாதிரிதானே என்று ஒருவர் முன்பு கேட்டார். கல்லை நட்டு, பெயர் எழுதி, அவர் வழியில் வந்தவர்கள் கூடி நிற்பது வரைக்கும் ஒன்றுதான். நம்முடையது பெரும்பாலும் ஊருக்காகச் சண்டையில் செத்தவர்களுக்கு. இது உயிரோடு பிழைத்து வந்தவர்களுக்கு.

2025 செப்டம்பர் 21

'நார்வேக்காரர்கள்' என்று எல்லாரையும் ஒன்றாகவே இங்கே எழுதி வந்தேன். அது சரியில்லை. அவர்களுக்கு ஊர்ப் பாசம் நம்மைவிட அதிகம். ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வால்ட்ரெஸ்காரர்கள் 1899-லேயே மினியாபொலிஸ் மின்னஹஹா பூங்காவில் கூடித் தொடங்கிவைத்தார்கள். ஹாடெலாண்டுக்கும் சங்கம் உண்டு. அதனால்தான் கல்லில் 'நார்வே' என்ற சொல்லே இல்லை. பெரியவர் அது வேண்டாம் என்றார். "அவர்கள் நாட்டை விட்டு வரவில்லை, ஹாடெலாண்டை விட்டுத்தான் வந்தார்கள்" என்றார்.

2025 அக்டோபர் 9

நட்டாயிற்று. ஜூலையில் கிளம்பிய அந்த மாதிரிக் கப்பல் இன்றுதான் நியூயார்க்கில் கரை சேர்ந்தது. கொலம்பஸுக்கு முன்பே வட அமெரிக்கா வந்த வைக்கிங் மாலுமி லெய்ஃப் எரிக்சனின் நாளை அமெரிக்காவில் அக்டோபர் 9-ல் வைத்திருப்பதும் 1825-ல் பழைய ரெஸ்டவுராஷோன் வந்து சேர்ந்த தேதியை வைத்துத்தான்.

முப்பது பேர் வந்திருந்தார்கள். தங்கை கையுறையைக் கழற்றிவிட்டு, கடைசி மூன்று எழுத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். சின்னப் பையன் ஒருவன் 'ஓ' ஏன் அடித்திருக்கிறது, தப்பா என்று கேட்டான். பெரியவர் குனிந்து, அந்த எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். உதட்டைக் குவித்துக்கொண்டு அவன் நாலைந்து தடவை சொன்னான்.

2025 அக்டோபர் 12

பராமரிப்பு கேட்டவருக்கு: கம்பித் தூரிகை கூடாது, பிளீச் கூடாது. தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். பாசி வந்தால் வரட்டும்.

பிளந்த கல்லின் மறுபாதி கொட்டகையில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கு முழுக் கல்லின் படம் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "ரெண்டாவது வரி கடைசி எழுத்து கொஞ்சம் தள்ளி நிக்குது." போய் அளந்து பார்த்தேன். 2 மில்லிமீட்டர்.